காத்துல ஓடுற படகுக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அல்லது, அக்கவுண்ட்ஸ் செக்ஷன் நண்பருக்கு ஏதோ காரியம் ஆகவேண்டும். அன்றைக்கு இரண்டாவது.

"சார், ஃப்ரீயா? பாய்மரப் படகுப் பந்தயம். வாலண்டியர் ஒருத்தர் வரலை. போட்ல உக்காந்து நோட்டுல எழுதணும், அவ்வளவுதான். மத்தியானம் பிரியாணி."

முதல் நான்கு வாக்கியங்கள் காதில் சரியாக விழவில்லை. ஐந்தாவது விழுந்தது. கிளம்பிவிட்டேன்.

நம்ம கிழக்குக் கடற்கரையில் ஒரு இடம். ஊர்ப் பெயரும் கிளப் பெயரும் வேண்டாம். அடுத்த வருஷமும் பிரியாணி சாப்பிடவேண்டும் அல்லவா? நான் போனபோது மணலில் இருபத்திரண்டு குட்டிப் படகுகள் வரிசையாக நின்றன. மூக்கை வெட்டிவிட்ட குளியல் தொட்டி மாதிரி, ஏழே முக்கால் அடி நீளம். 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயராம். 1947-ல் அமெரிக்காவில், ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பசங்களுக்காக மலிவாக வடிவமைத்தது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பதினைந்து வயசுக்குள் இருக்கிற பிள்ளைகள் கடலில் தனியாக ஓட்டப் பழகுவது இதில்தான். ஒரு பாய், ஒரு சுக்கான், நடுவில் தண்ணீருக்குள் செருகுகிற ஒரு பலகை. மோட்டார் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. "அடடா, இதல்லவோ விளையாட்டு!" என்று எனக்கே கொஞ்சம் கவித்துவமாக இருந்தது.

அந்தக் கவித்துவம் கரையில் இருந்த ஜெர்ரிகேன்களைப் பார்க்கும் வரைதான்.

எழுதச் சொன்னார்கள் இல்லையா? ஆபீஸ் பழக்கதோஷம், ஸ்டாக் ரிஜிஸ்டர் மாதிரி கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன். நடுவர்கள் உட்காரும் மோட்டார் படகு ஒன்று. மிதவைகளைப் போட்டு எடுக்க இரண்டு. யாராவது கவிழ்ந்தால் தூக்க மூன்று. கோச்சுகளுக்கு ஆளுக்கொரு ரப்பர் போட், மொத்தம் ஏழு. பெற்றோர்கள் வேடிக்கை பார்க்க இரண்டு. ஆகமொத்தம் பதினைந்து மோட்டார் படகுகள், காற்றில் ஓடும் இருபத்திரண்டு தொட்டிகளைச் சுற்றி! பெரும்பாலும் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள். அந்தக் காலத்து ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஊற்றுகிற பெட்ரோலில் கால்வாசி வரை எரியாமலேயே வெளியே வந்துவிடும் ஜாதி. ஸ்கூட்டர் என்றால் பின்னால் வருகிறவன் மூக்கில். இங்கே நேராகக் கடலில்.

எங்கள் மிதவைப் படகை ஓட்டியவர் அறுபத்தைந்து வயசு மீனவர். நான் "அண்ணே" என்றேன், அவர் "தம்பி" என்றார். பந்தயத்தில் முதல் மிதவை காற்று வருகிற திசைக்கு நேர் எதிரே இருக்கவேண்டுமாம். படகு காற்றை நோக்கி நேராகப் போகமுடியாமல் வளைந்து வளைந்து ஏறும், சாமர்த்தியமெல்லாம் அங்கேதான். இதில் ஒரு சங்கடம். காற்றுக்கு டைம்டேபிள் கிடையாது. பத்தரை மணிக்கு அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"கரைக்காத்து நின்னுடுச்சு தம்பி. கடல்காத்து புடிக்கப்போவுது. எல்லாத்தையும் புடுங்கி அந்தாண்ட போடணும்."

நங்கூரத்தை இழுத்தோம். தரையைப் பிறாண்டிக்கொண்டு சேறும் பாசியுமாக வந்தது. மோட்டாரை முறுக்கி ஒரு கிலோமீட்டர் ஓடினோம், திரும்பப் போட்டோம். அரை மணியில் காற்று இன்னும் கொஞ்சம் திரும்பியது. திரும்பவும் பிடுங்கினோம். மத்தியானத்துக்குள் நான்கு தடவை. மூன்றாவது கேனைத் திறந்து ஊற்றும்போது அண்ணன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

"எங்க தாத்தா கட்டுமரத்துல பாய் கட்டிப் போய்ட்டு வந்தாரு. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. இப்ப இந்தப் புள்ளைங்க பாய் கட்டி ஓட்டுறதுக்கு நான் எண்ணெய் ஊத்துறேன். எப்படி இருக்கு?"

*

இதற்கு நடுவில் நான் ஒரு குற்றம் செய்தேன். பசி. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, காகிதத்தை விட்டுவிட்டேன். 'காற்றில் பறந்துவிட்டது' என்று சொல்லலாம், பொய். விட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இருபது வருஷம் பழகிய கை.

பந்தயத்துக்கும் பந்தயத்துக்கும் நடுவே சும்மா மிதந்துகொண்டிருந்த ஒரு தொட்டி சரக்கென்று திரும்பியது. பதினோரு வயசுப் பெண். குனிந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். எங்கள் படகு ஓரமாக வந்து நீட்டினாள்.

"அங்கிள், உங்களுதா?"

"அது... பறந்துடுச்சும்மா."

"ரூல் நாப்பத்தேழு, அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் தூரத்துக் கப்பலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

(அப்புறம் விசாரித்தேன். உலகப் பாய்மரப் பந்தய விதிப் புத்தகத்தில் நிஜமாகவே இருக்கிறது. வேண்டுமென்றே தண்ணீரில் குப்பை போடக்கூடாது. 2013-ல் வந்த பதிப்பிலேயே, வேறு நம்பரில், சேர்த்துவிட்டார்கள். 2021 பதிப்பில்தான் 47 ஆனது. போட்டியாளர்கள் மட்டுமல்ல, கோச், பெற்றோர் என்று கூட வருகிறவர்களுக்கும் பொருந்தும் என்றும் அப்போது விரித்தார்கள். வாலண்டியர் என்ற வார்த்தை அதில் இல்லை. சட்டப்படி நான் தப்பித்தேன்.)

அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் நாற்பத்தேழு.

மூன்றாவது பந்தயத்தில் நாற்பத்தேழு மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். திடீரென்று படகு, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தமாதிரி சோர்ந்தது. ஒன்று, இரண்டு... ஐந்து படகுகள் தாண்டிப் போய்விட்டன. அவள் நடுப்பலகையை மேலே உருவினாள். ரோஸ் கலர் கேரி பேக் ஒன்று பட்டை கட்டினமாதிரி சுற்றியிருந்தது. அதைப் பிய்த்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டு திரும்ப ஓட்டினாள். எட்டாவது. (அது என்னுடையது இல்லை. நான் போட்டது பிஸ்கட் காகிதம். நோட்டில் இரண்டு தடவை சரிபார்த்தேன்.)

பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. தெர்மோகோல் தட்டில்.

*

புதன்கிழமை லன்ச்சில் நண்பர் சொன்னார். "அந்தப் பொண்ணு ஸ்கூலுக்குப் போகலியாம் சார். காதுல சீழ், ஜுரம். 'எந்தத் தண்ணில விழுந்தே?'ன்னு டாக்டர் கேட்டாராம்."

எந்தத் தண்ணி என்று எனக்குத் தெரியும். பந்தயம் தொடங்கும் கோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் ஒரு முகத்துவாரம். ஊர்ச் சாக்கடை கடலோடு கைகுலுக்கும் இடம். அந்தக் காது அங்கிருந்துதான் வந்தது என்று யாரும் சத்தியம் செய்யமுடியாது. ஆனால் எனக்கு அன்றைக்குச் சாம்பார் இறங்கவில்லை.

ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். முதலில் வந்து நின்றது ரியோ.

2009-ல் ஒலிம்பிக்ஸ் கேட்டபோது ரியோ டி ஜெனிரோக்காரர்கள் எழுதிக்கொடுத்த வாக்குறுதி இது: 2016-க்குள் குவானபாரா வளைகுடாவில் கலக்கிற சாக்கடையில் 80 சதவீதத்தைச் சுத்திகரித்துவிடுவோம். படகுப் போட்டிகள் அங்கேதான். ஒரு பக்கம் சுகர்லோஃப் மலை, மறுபக்கம் கடற்கரை, காலண்டர் படம் மாதிரி இடம். கையில் ஏழு வருஷம் இருந்தது. நடந்ததா? போட்டிக்கு முந்தைய வருஷமே 'இலக்கை எட்டமுடியாது' என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 2015-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தானே தண்ணீரைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. மனிதக் கழிவிலிருந்து வரும் வைரஸ்கள் ஆபத்தான அளவில் இருந்தன. சுத்தம் செய்வதாகச் சொன்னவர்கள் கடைசியில் செய்தது, ஆற்றுவாய்களில் மிதக்கும் தடுப்பு, போட்டி நடக்கும் இடத்தில் குப்பை அள்ளும் படகுகள். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோமே, அந்த டெக்னிக். கண்ணுக்குத் தெரிகிற சோபாவும் பிளாஸ்டிக்கும் போகும். கண்ணுக்குத் தெரியாதது அப்படியே கிடக்கும்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாதது எரிக் ஹைல் என்ற ஜெர்மன் வீரரைப் பிடித்தது. 2015 ஆகஸ்டில் ஒத்திகைப் பந்தயத்துக்கு ரியோ போய் ஊர் திரும்பியவருக்குக் காலிலும் இடுப்பிலும் புண். பெர்லினில் ஆஸ்பத்திரி. வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத கிருமி. இவர் ஓட்டுவது 'ஃபார்ட்டிநைனர்' என்கிற இருவர் படகு. படகுக்கு வெளியே கம்பியில் தொங்கிக்கொண்டு, அலை ஒவ்வொன்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்டவேண்டும். வாயை மூடிக்கொண்டு பந்தயம் ஓட்ட முடியாது, பார்ட்னரிடம் கத்தவேண்டும்.

நானாக இருந்தால் அந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன். ஹைல் அடுத்த வருஷம் திரும்பப் போனார். பார்ட்னர் தாமஸ் பிளோசலோடு அதே தண்ணீரில் ஓட்டி வெண்கலம் வாங்கினார்.

அதே நாள் இன்னொரு கூத்து. பெண்கள் இருவர் படகில் தங்கம் பிரேசிலுக்கே. மார்ட்டினி கிரேல், கஹேனா குன்ஸே. மார்ட்டினியின் அப்பா டோர்பென் கிரேல், ஐந்து ஒலிம்பிக் மெடல் வாங்கிய மனிதர். அந்த வளைகுடாவிலேயே வளர்ந்த குடும்பம். கடைசிப் பந்தயத்தில் நியூசிலாந்துப் பெண்களை அவர்கள் ஜெயித்த வித்தியாசம் இரண்டு வினாடி. ஜனங்கள் தண்ணீருக்குள் இறங்கி, இரண்டு பேரும் மேலே நிற்க, படகையே தூக்கிவிட்டார்கள்.

இரண்டு வினாடி! எனக்கு அந்த ரோஸ் கலர் கேரி பேக் ஞாபகம் வந்தது. நான்கு வருஷப் பயிற்சி, ஒரு தேசத்தின் மெடல், பலகையில் சுற்றிக்கொள்ளும் ஒரு மளிகைக்கடைப் பை. அந்தப் பையை விட்டவருக்கு எந்தப் படகில் சுற்றியது என்று கடைசிவரை தெரியப்போவதில்லை.

ரியோதான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் படகுப் போட்டி சிங்டாவ் என்ற கடற்கரை நகரத்தில். போட்டிக்கு ஒன்றரை மாசம் முன்னால் கடல் பச்சைப் புல்வெளி ஆகிவிட்டது. பாசி! ராணுவம், மீனவர்கள் என்று பத்தாயிரம் பேருக்கு மேல் இறங்கி, பத்து லட்சம் டன்னுக்கு மேல் வாரினார்கள். போட்டி நேரத்தோடு நடந்தது, உலகம் கைதட்டியது. பாசி எங்கிருந்து வந்தது என்று விஞ்ஞானிகள் தேடிப்போனால், தெற்கே ஜியாங்சு கடலோரத்தில் மனிதர்கள் சாப்பிடுகிற கடல்பாசி வளர்க்கும் மூங்கில் சட்டங்கள். அறுவடையில் வேண்டாத பச்சைப் பாசியைச் சுரண்டித் தண்ணீரிலேயே விட்டிருக்கிறார்கள். நிலத்திலிருந்து வரும் உரச்சத்தில் அது ஊதிப் பெருத்து வடக்கே மிதந்து வந்திருக்கிறது. அடுத்தடுத்த வருஷங்களிலும் வந்தது. அப்போது ஒலிம்பிக்ஸ் இல்லை, கேமரா இல்லை.

*

ஆக, படகோட்டிகள் பாவம், ஊர்தான் குற்றவாளி என்று முடித்துக்கொண்டு தூங்கப்போயிருக்கலாம். ஆனால் என் நோட்டில் பதினைந்து மோட்டார் படகுகள் இருக்கின்றனவே.

படகோட்டிகளின் பழைய கணக்கும் அத்தனை சுத்தமில்லை. படகின் அடியில் சிப்பி ஒட்டினால் வேகம் குறையும். அதற்காக டி.பி.டி. என்று ஒரு ரசாயனம் கலந்த பெயின்ட் அடித்தார்கள். சிப்பி ஒட்டவில்லை, பிரமாதம். 1970-களின் கடைசியில் பிரான்ஸில் ஆர்க்காஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். குஞ்சு பிழைக்கவில்லை, ஓடு கண்டபடி தடித்தது. வேறு கடலோரங்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. ஜோக் இல்லை, நிஜம். பிரான்ஸ் 1982-ல் சின்னப் படகுகளுக்குத் தடை போட்டது. உலகம் முழுமைக்குமான ஒப்பந்தம் அமலுக்கு வர 2008 ஆகிவிட்டது. ஓட்டப்பந்தயத்தில் அரை வினாடி வேகமாகப் போக, நத்தை கொடுத்த விலை!

பெரிய பந்தயங்களைப் பார்த்தால் இன்னும் விசித்திரம். உலகத்தைச் சுற்றி ஓடும் 'ஓஷன் ரேஸ்' 1973-ல் வேறு பெயரில் தொடங்கியது. அதன் 2017-18 பந்தயத்தில் ஒரு படகின் பெயரே 'டர்ன் த டைட் ஆன் பிளாஸ்டிக்'. பிரிட்டிஷ்காரி டீ கஃபாரி கேப்டன். பந்தயம் ஓட்டிக்கொண்டே, வழியெல்லாம் கடல்நீரை உறிஞ்சி, நுண்பிளாஸ்டிக் துகளை வடிகட்டினார்கள். போட்டியாளர் படகான அக்ஸோநோபலும் அதே கருவியைத் தூக்கிக்கொண்டு போனது. போகும் வழியில் பாயின்ட் நீமோ பக்கம் தாண்டினார்கள். தெற்குப் பசிபிக்கில், எந்தத் திசையில் போனாலும் தரை 2,688 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புள்ளி அது. அங்கே நின்றால், மேலே நானூறு கிலோமீட்டரில் பறக்கும் விண்வெளி நிலையத்து ஆசாமிகள்தான் பல சமயம் உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள்! அங்கே எடுத்த தண்ணீரில்கூட ஒரு கன மீட்டருக்கு 9-லிருந்து 26 துகள். தென்சீனக் கடலில் முந்நூறுக்கு மேல். ஆராய்ச்சிக் கப்பல் அதிகம் போகாத இடத்திலிருந்து அந்தக் கணக்கைக் கொண்டுவந்தது ஒரு பந்தயப் படகு. அதற்காக இவர்களுக்கு ஒரு சலாம் போடலாம்.

அடுத்த பக்கம் இருக்கிறதே! 2019 ஆகஸ்டில் கிரேட்டா துன்பெர்க் விமானம் ஏறமாட்டேன் என்று 'மலிசியா' என்ற பந்தயப் படகில் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க் போனார். இரண்டு வாரம். சோலார் பேனல், டாய்லெட்டுக்கு ஒரு பக்கெட். ஒரு சொட்டு எண்ணெய் எரியவில்லை. ஆனால் படகை ஐரோப்பாவுக்குத் திரும்ப ஓட்டிவர ஆட்கள் விமானத்தில் போகவேண்டும் என்று செய்தி வந்ததும் உலகமே சிரித்தது. நானும் அப்போது சிரித்தவன்தான். இப்போது படித்தபோது சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இந்த விளையாட்டின் முழுக் கதையும் அதுதான். படகு சுத்தம். படகைச் சுற்றி இருப்பதுதான் பிரச்னை. விமான டிக்கெட், கன்டெய்னர், கோச் படகு, பந்தல், பிரியாணித் தட்டு.

படகு சுத்தம் என்பதும் ஓட ஆரம்பித்த பிறகுதான். இலெவன்த் அவர் ரேசிங் என்ற அமெரிக்க அணி, தன் புது கார்பன் ஃபைபர் படகைக் கட்ட எவ்வளவு புகை ஆனது என்று கணக்கெடுத்து 2021-ல் தானே வெளியிட்டது. ஐந்நூறு டன்னுக்கு மேல். அறுபது அடிப் படகு ஒன்றுக்கு! அந்த அணிதான் 2022-23 ஓஷன் ரேஸை ஜெயித்தது. மறைக்காமல் எழுதினார்களே, அதற்காக அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் இதைவிடச் சிக்கனமான வழியை அதே பந்தயம் முன்னாலேயே காட்டியிருக்கிறது. 2014-ல் எல்லா அணிக்கும் ஒரே அச்சில் படகு கட்டி, அதே படகுகளை 2017-லும் ஓட்டினார்கள். ரிப்பேர் பட்டறைகூடப் பொது. பந்தயம் ஒன்றும் சப்பென்று ஆகிவிடவில்லை.

*

அடுத்த வாரம் நானும் நண்பரும் கிளப் செகரெட்டரியைப் பார்க்கப் போனோம். கையில் என் ஸ்டாக் ரிஜிஸ்டர். அமெரிக்காவில் 'செயிலர்ஸ் ஃபார் த சீ' என்ற அமைப்பு - 2004-ல் டேவிட் ராக்கஃபெல்லர் ஜூனியரும் இன்னொருவரும் சேர்ந்து ஆரம்பித்தது - 'க்ளீன் ரெகாட்டா' என்று ஒரு பட்டியலே போட்டுப் பந்தயங்களுக்குச் சான்றிதழ் தருகிறது. அதிலிருந்தும் கொஞ்சம் சுட்டு வைத்திருந்தேன்.

செகரெட்டரி நல்ல மனிதர். காபி வரவழைத்தார்.

"ரோபோ மிதவைன்னு ஒண்ணு இருக்கு சார்" என்று ஆரம்பித்தேன். "நங்கூரமே வேணாம். எலெக்ட்ரிக் மோட்டார், சேட்டிலைட்டைப் பார்த்து அதுவே நின்ன இடத்துல நிக்கும். காத்து திரும்பினா போன்ல ஒரு தட்டு, நகர்ந்துடும். பெட்ரோல் மிச்சம், தரையும் பிறாண்டாது..."

"விலை?"

சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்தார். ரோபோ அத்தோடு கரையேறியது.

"சரி சார், பாட்டில். அன்னைக்கு எத்தனை தண்ணி பாட்டில்..."

"பாட்டில்காரர்தான் சார் ஸ்பான்சரே! வேணாம்னா பந்தல் யார் போடுவா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நண்பர் அக்கவுண்ட்ஸ் ஆள், அவரிடம் இருந்தது. "அதே ஸ்பான்சர் இருபது லிட்டர் கேனும் விக்கிறார் சார். கேனைக் குடுக்கச் சொல்லுங்க. ஸ்டிக்கரைப் பெரிசா ஒட்டிக்கட்டும். பசங்க வீட்டிலேர்ந்து பாட்டில் கொண்டு வரட்டும்." பாட்டில்காரர் ஒப்புக்கொண்டார். ஸ்டிக்கர் நிஜமாகவே பெரிசுதான், கேன் தெரியவில்லை.

பெரிய சண்டை கோச்சுகளோடு. ஏழு பேரை மூன்று படகில் உட்காரச் சொன்னதும் கொதித்துவிட்டார்கள். எதிரி கோச் பக்கத்தில் உட்கார்ந்தால் ரகசியம் போய்விடுமாம். இங்கே விதிப் புத்தகம் கைகொடுத்தது. பந்தயம் ஓடும்போது வெளியிலிருந்து உதவி செய்யக்கூடாது என்பது 41-ஆம் விதி. கோச் வாயைத் திறந்தால் பையனுக்குத்தான் ஆபத்து. "அப்ப பந்தயத்தப்போ சும்மாதானே சார் சுத்திக்கிட்டிருந்தீங்க? சும்மா இருக்கிறதை ஒரே போட்ல இருங்களேன்" என்றார் மிதவை அண்ணன். அவருக்கு யாரும் பேசச் சான்ஸ் கொடுத்திருக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். இரண்டு கோச்சுகள் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஐந்து பேர் இரண்டு படகில்.

இன்னொரு யோசனையும் அண்ணனுடையதுதான். கரைக்காற்று நின்று கடல்காற்று பிடிக்கும்வரை பந்தயத்தையே ஆரம்பிக்காதீர்கள், பதினோரு மணிக்குத் தொடங்கினால் மிதவையை நான்கு தடவை பிடுங்கவேண்டாம். ரோபோ செய்கிற வேலையில் பாதி. செலவு, ஒரு காலை டிபன்.

முகத்துவாரம்? அதைத்தான் யாராலும் நகர்த்த முடியவில்லை. பந்தயக் கோட்டை நாங்கள்தான் வடக்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளினோம். அதனால் போக வரப் பெட்ரோல் கொஞ்சம் கூடியது, கோச்சுகளிடம் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போயிற்று. மழை பெய்த மறுநாள் பந்தயம் கிடையாது என்று எழுதி ஒட்டினார்கள். கடல் தண்ணீரை லேபுக்கு அனுப்பி, வந்த ரிசல்டையும் பக்கத்தில் ஒட்டினார்கள். அதைப் பெற்றோர்கள் நின்று நின்று படித்தார்கள். மோட்டார் படகு பற்றிப் பேசியபோது வராத இருபது பேர், இப்போது கையெழுத்துப் போட வந்தார்கள். நானும் நண்பரும் அரைநாள் லீவு போட்டு, திங்கட்கிழமை மனு கொடுக்கும் வரிசையில் நின்றோம். மனு நம்பர் இருக்கிறது. பதிலும் வந்தது: 'ஆவன செய்யப்படும்.'

*

அடுத்த பந்தயத்துக்கு நண்பர் கூப்பிடவில்லை. நானே ஐந்தே முக்காலுக்கு அவருக்குப் போன் அடித்தேன். "யார் சார் போயிட்டா?" என்று பதறினார்.

நோட்டில் எழுதியது: மோட்டார் படகு பன்னிரண்டு. மிதவை நகர்த்தியது ஒரே தடவை. எங்கள் படகில் மூன்றாவது ஜெர்ரிகேன் திறக்கப்படவில்லை. பிரியாணி மந்தார இலையில். ஒரு ஸ்பான்சர் கொடுத்த பிளாஸ்டிக் கொடிகள் மட்டும் பந்தல் முழுக்கப் படபடத்தன, அது யார் கண்ணிலும் முன்கூட்டிப் படவில்லை. எழுதிக்கொண்டேன்.

நாற்பத்தேழு வந்திருந்தாள். காதில் பஞ்சு, அதற்கு மேல் குளிர்காலத் தொப்பி. முதல் பந்தயத்தில் நான்காவது. இடைவேளையில் எங்கள் படகு ஓரமாக வந்து, ஒரு கையால் எங்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"காது எப்படிம்மா இருக்கு?"

"ஓகே அங்கிள்." என் சட்டைப் பாக்கெட்டையே பார்த்தாள். "அதுல என்ன?"

"மிக்சர். பேப்பர் பொட்டலம்தான்."

"உள்ளாற கவர் இருக்கா?"

பிரித்துக் காட்டினேன். இருந்தது. வாங்கித் தன் லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, மிக்சரில் ஒரு கை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.